அரை அங்குலம்

என்னைக் கூட்டிப் போனது என் டேப்புக்காகத்தான்.
ரவிக்கைக்கு அளவெடுக்கிற மஞ்சள் டேப்,
முனைத் தகரம் கழன்ற இடத்தில் நூல் சுற்றியது.
"நீ அளந்தா தப்பாதுக்கா" என்றான் சேசுராஜ்.
ஒட்டன்சத்திரத்தில் தை மாசம் அழகுக் கிடா போட்டி.
முதல் பரிசு புல்லட்.
அவன் அதில் எப்போதோ ஏறி உட்கார்ந்துவிட்டான்.

காஜா மைதீனின் டாட்டா ஏஸில் மூன்று பேர்.
கியர் மாற்றும்போதெல்லாம்
என் முழங்கால் நகர்ந்துகொள்ள வேண்டும்.
பின்னால் வைக்கோல், கயிறு,
இன்னும் வாங்காத ஆட்டுக்கு ஒரு கட்டு அகத்தி.
சேசுராஜின் உள்பையில்
குழுவில் என் பேரில் எடுத்த நாற்பதாயிரம்.

பெருமாள்மலைப் பண்ணையில்
மரப்பரண், குண்டு பல்பு, எஃப்.எம்.
தலைச்சேரி வெள்ளைகள் வரிசையாக நின்று
எங்களைப் பார்வையிட்டன.
காஜா உதட்டை விலக்கிப் பல் எண்ணினான்.
நான் மண்டியிட்டு மார்புச் சுற்று எடுத்தேன்.
முப்பத்து மூன்று.
அளவெடுக்கும்போது பெண்கள் மூச்சை உள்ளிழுப்பார்கள்.
அது இழுக்கவில்லை, என் தலைமுடியை மென்றது.
காலில் வளைவு இருக்கிறது என்றான் காஜா.

பூம்பாறையில்
பூண்டு வாசம் ரோட்டுக்கே வந்து ஏறிக்கொண்டது.
கிடாக்காரர் தொட விடவில்லை.
"கண்ணால அளந்துக்கங்க."
அளந்தோம்.
அறுபதாயிரம் என்றார், அதையும் கண்ணாலேயே.

மன்னவனூரில் ஒரு போயர் கிடா. பெயர் கலெக்டர்.
நெற்றியில் எண்ணெய் மினுங்கியது,
குளம்புகள் புது செருப்பைப் போல.
காஜா விரலில் எச்சில் தொட்டுக் குளம்பைத் தேய்த்தான்,
விரலை எங்களுக்குக் காட்டினான்.
ஷூ பாலிஷ்.
சொந்தக்காரர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு
வண்டியேறினோம். நல்ல டீ.

கவுஞ்சிக்குப் போகிற வழியில் மஞ்சு இறங்கிவிட்டது.
முன் விளக்கு போட்டால்
விளக்கு மட்டும் தெரிந்தது.
யாரோ சொன்ன அடையாளம், நீலத் தண்ணீர்த் தொட்டி,
அதைத் தாண்டி இரண்டு முறை போய் இரண்டு முறை திரும்பினோம்.

கேரட் தழை கிடந்த முற்றத்தில்
பவுனம்மாள் கயிற்றைப் பிடித்து வந்தாள்.
ஜமுனாபாரிக் கலப்பு, நாலு பல்,
செம்மறை, நெற்றியில் கோணல் வெள்ளை.
நின்ற நிலையே வேறு. காஜா பீடியை அணைத்துவிட்டான்.
உயரம் முப்பத்து ஆறரை. முதுகு நேர்.
"காது பாருக்கா, காதுலதான் பரிசே இருக்கு.
ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

இடது காது பதினொன்றரை.
வலது காது பதினொன்று.
திரும்ப அளந்தேன். பதினொன்று.
குளிரில் விரல் மரத்திருந்தது, விரலைக் குறை சொல்ல முடியாது.

இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறேன்.
இரண்டு தோளும் சமமாய் ஒருத்திக்கும் பார்த்ததில்லை.
யாரிடமும் சொன்னதில்லை.
துணியில் கால் அங்குலம் விட்டுக் கொடுப்பேன்,
கண்ணாடி முன்னால் நிற்கையில்
கடவுள் சரியாய்ப் படைத்ததுபோல் திரும்பிப் பார்ப்பார்கள்.
பவுனம்மாளின் இடத்தோள்
முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது.
சுமை தூக்குகிற பக்கம். அதற்கு டேப் வேண்டியதில்லை.

"எவ்வளவுக்கா?"

"பதினொன்றரை" என்றேன்.
பொய் இல்லை, ஒரு காதுக்கு.

முப்பத்தெட்டுக்கு முடிந்தது.
அவள் நோட்டுகளை எண்ணவில்லை,
கிடாவின் மூக்கில் ஒருமுறை ஊதினாள்,
உள்ளே போய் அடுப்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இறக்கத்தில் சேசுராஜ் தூங்கிப்போனான்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும்
பின் கண்ணாடியில்
இரண்டு காதும் ஒரே பக்கம் சாய்ந்தன,
பிறகு மறுபக்கம்.
அகத்திக் கட்டில் காம்புதான் மிச்சம்.

காஜா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்:
"எந்தக் காது பதினொன்றரை?"

வளைவு வந்தது.
கியர் மாற்றினான்.
முழங்காலை நகர்த்திக்கொண்டேன்.